தலைகீழாக வைத்த ஃப்ரிட்ஜ்

சட்டைப் பையில் சிலர் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் நீளக் கட்டை அல்ல. விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே பச்சைத் தண்ணீர், அதில் ஒரு குமிழி. எந்தக் கேரவனுக்குள் ஏறினாலும் முதலில் அதை எடுத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைப்பார். குமிழி நடுவில் வந்து நின்றால்தான் மேற்கொண்டு பேச்சு. அதனால் கேரவன்கள் வந்து நிற்கும் அந்த யார்டில் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார் என்று யார்டு முதலாளி சொல்வார்.

படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாகவே ஓடும் கேரவன்களில் ஃப்ரிட்ஜ் பொருத்துவது அவர் வேலை. வீட்டில் உறுமிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ் வேறு, இது வேறு. கரண்ட் கிடைக்கும் இடத்தில் கரண்டில் ஓடும். கிடைக்காத இடத்தில் சிலிண்டர் கேஸில் ஓடும். வண்டி போய்க்கொண்டிருக்கும்போது வண்டி பேட்டரியில் ஓடும். முன்னால் உள்ள ஒரு திருகியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதில் ஓடும். கேஸில் போட்டால் பெட்டிக்குப் பின்னால், கீழே, சின்னதாக ஒரு சுடர் விடாமல் எரியும். நெருப்பு எரிந்தால் எப்படிங்க குளிரும் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை.

"சூடு பட்டா உள்ள இருக்கிற அம்மோனியா ஆவியாகி மேல போகும். ஆறி, கீழ வரும். வர்ற வழியில பெட்டிக்குள்ள இருக்கிற சூட்டையும் வாங்கிக்கிட்டு வரும். மோட்டார் கிடையாது, சுத்துற சாமான் கிடையாது, சத்தம் கிடையாது" என்பார். அதற்கு மேல் விளக்குவதில் அவருக்கு ஆசையில்லை.

முன்பு அவர் வீடு வீடாகப் போய்ச் சாதாரண ஃப்ரிட்ஜ்களைப் பழுது பார்த்தவர். அந்த வேலையில் காது முக்கியம். உறுமல் மாறினால் நோய் தெரிந்துவிடும். இதில் காதுக்கு வேலை இல்லை. பெட்டி ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமானால் வண்டிக்கு வெளியே போய், பெட்டிக்குப் பின்னால் புகை போக மேலும் கீழுமாக வைத்த இரண்டு ஜன்னல்களில் மேல் ஜன்னலின் தகட்டுக் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். வெதுவெதுப்பாகக் காற்று வந்தால் உள்ளே குளிர்கிறது என்று அர்த்தம். குளிரைத் தெரிந்துகொள்ளச் சூட்டைத் தொடுவது அவருக்குப் பிடித்திருந்தது. எது பிடித்திருந்தது, ஏன் என்றெல்லாம் அவர் யோசித்ததில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று யாரையாவது கேட்டால் வேலை சுத்தம் என்பார்கள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் வேறு பதிலை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

வண்டியை ஒப்படைக்கும்போது வாடிக்கையாளரிடம் ஒரு பேச்சு பேசுவார். வருடக்கணக்காகப் பேசிப் பேசி அது தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது.

"வண்டி மட்டமா நின்னாத்தான் கேஸ் போடணும். சாய்ஞ்சு நின்னா உள்ள இருக்கிறது ஒரு மூலையில தேங்கிடும், பெட்டி செத்துப்போகும். திருகிய அழுத்திப் பிடிச்சுக் கொளுத்துங்க, பத்துன உடனே கைய எடுத்துடாதீங்க. சுடர் நீலமா இருக்கணும். மஞ்சளா இருந்தா அணைச்சுட்டு எனக்கு போன் பண்ணுங்க. பெட்ரோல் போடப் போனா முதல்ல கேஸ மூடுங்க. கொளுத்தின உடனே குளிராது, அரை நாள் ஆகும். அதுவரைக்கும் சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க. பாக்குறதாலயே சூடாகும்."

கடைசி வரிக்கு எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க வைக்கச் சொன்னது இல்லை அது.

மனைவி அவரைவிட நாலு மடங்கு பேசுகிறவள். கல்யாணமான மறுநாள் காலையில் கட்டிலின் ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்து, அட்டையை மடித்து அடியில் வைத்த மனுஷன் என்று யாரிடமும் சொல்வாள். "பொண்டாட்டி முகத்தக்கூட அப்புறம்தான் பாத்தார்." அவர் அதை மறுத்ததில்லை.

மகள் கல்யாணமாகிக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போனபின் வீட்டில் பாதி அறைகள் விளக்குப் போடாமல் கிடந்தன. வீட்டை விற்றுவிட்டு ஒரு கேரவன் வாங்கலாம் என்று சொன்னது அவள்தான். "சினிமா நடிகர் மாதிரி இருக்கலாம். காலையில எந்திரிச்சா வாசல்ல வேற ஊர்." அவர் சரி என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பவர். அதில் சம்மதம் எவ்வளவு, அலுப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளாலேயே முடிந்ததில்லை. போன ஊர்களைவிடப் போகலாம் என்று பேசிய ஊர்கள்தான் அதிகமாயின. வேலை யார்டில் இருந்ததால் வண்டியும் பெரும்பாலும் யார்டின் கோடியில், மதிலை ஒட்டியே நின்றது.

உள்ளே எல்லாம் கைக்கெட்டும் தூரம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஏறினால் எதிரே அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும். அடுப்புக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஃப்ரிட்ஜ். அதற்கு நேர் எதிரில் ஒரு பெஞ்சு, ஒரு மேஜை. மேஜையில் அவளுடைய தையல் மிஷின், வண்டி குலுங்கினாலும் அசையாமல் இருக்க மூன்று போல்ட் போட்டு முடுக்கியது. மற்ற கேரவன்களின் இருக்கைகளுக்கு மெத்தை உறை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அந்தப் பெஞ்சில்தான். பின்பக்கம் அவள் படுக்கை. அவர் குறட்டை விடுகிறவர் என்பதால் டிரைவர் சீட்டுக்கு மேலே உள்ள பரணில் படுக்கை. மூச்சு முட்டுகிறது என்று அங்கே கூரையில் ஒரு சின்ன ஜன்னலை எந்தக் குளிரிலும் ஒரு விரல்கடை திறந்து வைத்துக்கொள்வார்.

குளிர்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் ஒரு மலைப்பக்கம் போனார்கள். போய்ச் சேரும்போது கொட்டுகிற மழை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து வண்டியை மட்டமாக்க அவர் இறங்கப் போனபோது அவள் தடுத்தாள்.

"ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் மட்டம் பாத்தாச்சு. ஒரு ராத்திரி நாம சாய்ஞ்சு படுத்தா குடி முழுகிடாது. வாங்க."

அவர் சரி என்றார். ஃப்ரிட்ஜை அணைக்க மறந்தார். விடிந்தபோது பால் திரிந்திருந்தது. மேல் ஜன்னலில் கை வைத்தால் சூடு வந்தது, உள்ளே குளிர் இல்லை. தேங்கிவிட்டது.

இப்படித் தேங்கிய பெட்டிக்கு அந்தத் தொழிலில் ஒரு கைவைத்தியம் உண்டு. கழற்றி வெளியே எடுத்து, தலைகீழாக நிறுத்தி, ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி நிமிர்த்துவார்கள். உள்ளே அடைத்துக்கொண்டது கலைந்து இடம் மாறும் என்று நம்பிக்கை. சில பெட்டிகள் பிழைக்கும், பல பிழைக்காது. யார்டுக்குத் திரும்பியதும் அவர் தன் பெட்டியை இழுத்து எடுத்துத் தரையில் தலைகீழாக நிறுத்தினார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஒட்டியிருந்த தடித்த பட்டையைக் கிழித்தால்தான் அது வெளியே வரும். கிழித்தார். புதிது வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

யார்டு முதலாளி வந்து பார்த்துவிட்டு, "என்ன ரசமட்டம், பெட்டிக்கு யோகாசனமா?" என்றார்.

"பாக்கலாம்."

"எனக்கும் நாலு நாளா வயிறு சரியில்ல. பக்கத்துல நானும் நிக்கட்டுமா?"

மறுநாள் நிமிர்த்தி, உள்ளே தள்ளி, திருகு போட்டு, கொளுத்தினார். மாலையில் ஐஸ் தட்டில் மெல்லிய படலம் தெரிந்தது. அவர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் விரலால் தொட்டுப் பார்த்து, "அட, பொழச்சிடுச்சே" என்றாள். அவர் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. அதற்குப்பின் வெகுநாள் அது இல்லை.

குளிர் வந்தது. யார்டில் தங்கியிருந்த எல்லா வண்டிகளிலும் ஹீட்டர் போட்டதில் கரண்ட் அடிக்கடி போயிற்று. முதலாளி வண்டி வண்டியாக வந்து, ஹீட்டர் போடுறவங்க ஃப்ரிட்ஜக் கேஸ்ல போட்டுக்குங்க என்று கேட்டுக்கொண்டார். அவர் திருகியைக் கேஸ் பக்கம் திருப்பினார். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினார்கள். வாசலுக்கு மேல் மாட்டியிருந்த விஷப்புகை அலாரம் அப்போதுதான் ஆயுள் முடிந்து விட்டுவிட்டுக் கீச்சிட ஆரம்பித்தது. "அந்தக் குருவிய நிறுத்துங்க, காதைக் கொத்துது" என்று அவள் சொன்னாள். கழற்றி வைத்தார். புது அலாரங்கள் அவருடைய கருவிப் பெட்டிக்குள் ஒரு டஜன் இருந்தன, வாடிக்கையாளர்களுக்காக.

அவள் மாறியது ஒரே நாளில் இல்லை. முதலில் பேச்சு குறைந்தது. பிறகு பாதி பேசிவிட்டு மீதியை விட்டுவிடுவாள். தைத்துக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிடும், துணி ஊசிக்கடியில் அப்படியே இருக்கும். நேராகத் தைக்கிறவள் கோணலாகத் தைத்தாள். பிரித்துத் தைக்கச் சொன்னால், "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

"சாப்பிட்டியா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"சாப்பிட்டேன்னுதான் நினைக்கிறேன். தட்டு கழுவி இருக்கா பாருங்க."

தலைவலி என்றாள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், கண் பார்த்தார், எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் தூங்கினாள், போடாவிட்டாலும் தூங்கினாள். அவருக்கும் காலையில் எழும்போது தலை கனத்தது. வயசு என்று வைத்துக்கொண்டார். வெளியே வந்து வேலையில் இறங்கினால் சரியாகிவிடும். வீட்டை விற்றதற்கு அவளுக்கு உள்ளுக்குள் கோபம் என்று முதலில் நினைத்தார். மகளைப் பிரிந்த ஏக்கமாக இருக்கும் என்றும் நினைத்தார். கடைசியில் எல்லாக் கணவர்களும் வந்து சேரும் இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்தார். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது. இப்படி முடிவுக்கு வந்தபோது வலிக்கும் என்று எதிர்பார்த்தார். வலிக்கவில்லை. மரத்துப்போன காலில் குத்தினால் குத்துவது தெரியும், வலி தெரியாது, அந்த மாதிரி இருந்தது.

நடுவில் ஒரு வாரம் ஏரிக்கரை ஒன்றில் வண்டிகள் தங்கும் இடத்தில் அவருக்கு வேலை வந்தது. வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே கரண்டுக்குக் குறைவில்லை, ஒயரைச் சொருகினார்கள். நாலாம் நாள் அவள் துணி துவைக்கும் இடத்தில் யாரோ இரண்டு பெண்களோடு நின்று சத்தமாகச் சிரித்தாள். கட்டில்கால் கதைதான். தூரத்தில் ஒரு வண்டிக்கடியில் படுத்திருந்த அவருக்கு அது கேட்டது. நாள் முழுக்க நான் பக்கத்தில் இல்லை, அதனால் சிரிக்கிறாள் என்று கணக்குப் போட்டார். யார்டுக்குத் திரும்பி மதில் ஓரம் நின்றதும் மறுபடி அதே மௌனம். கணக்கு சரியாக வந்தது.

ஒரு சாயங்காலம் அவள் அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "உங்க முகத்தப் பாத்தா தலை வலிக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"சரி" என்றார்.

அவளுடைய தங்கை ஒருநாள் பார்க்க வந்தாள். அக்காளைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்கக்கூட மறந்துபோனாள். "என்ன மாமா இது? அக்கா ஏன் இப்படி அவிச்சுப்போட்ட மாதிரி உக்காந்திருக்கு? ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையா?"

"பேசுவோம்."

"எப்ப? வருஷத்துக்கு ஒருக்காவா?"

அன்றைக்கே அக்காளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். இரண்டு நாளில் தலைவலி போய்விட்டது. வாரக் கடைசியில் அவள் போனில் பேசினாள். குரலில் பழைய ஏற்ற இறக்கம் வந்திருந்தது.

"இங்க நல்லா இருக்கேங்க. பசிக்குது. தூக்கம் தூக்கமா இருக்கு, முழிப்பு முழிப்பா இருக்கு."

"சரி."

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. உங்களோட அங்க இருந்தா உயிரோட இருக்கிற மாதிரியே இல்ல. எனக்கே புரியல. நீங்க ஒண்ணும் பண்ணல. திட்டல, அடிக்கல. ஆனா இங்க வந்து யோசிச்சுப் பாத்தா, திரும்பி வரணும்னு நினைச்சாலே உடம்பு கனக்குது."

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க."

அவருக்கு வேறு சொல் வரவில்லை. பிறகு போனை அவருடைய சகலை வாங்கினார். சகலை பேசியே பிழைக்கிற ஆள், தரை ஓடு விற்கிற கடையில் விற்பனையாளர்.

"அண்ணே, நம்ம வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. அண்ணி இருக்கட்டும். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சண்டை வந்தா தீர்ப்பு சொல்ல ஒரு ஆள் வேணும்ல?" சிரித்தார். எதிர்ப்பக்கம் சிரிப்பு வராததால் குரலைத் தாழ்த்தினார். "மிஷின மட்டும் ஞாயித்துக்கிழமைக்கு அடுத்து எப்பவாவது கொண்டுவந்து குடுத்துடுங்கண்ணே. கையும் காலும் சும்மா இருக்க முடியலன்னு அண்ணி சொல்றாங்க."

மிஷின் போனால் அவள் போனாள் என்று அர்த்தம். இதை யாரும் அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. துணிமணிகள் வரும் போகும். அந்த மிஷின் அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே இருக்கும் சாமான்.

ஞாயிற்றுக்கிழமை மழை. வேலை இல்லை. போல்ட்களைக் கழற்றலாம் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே அவர் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தபடி ஒரு போல்ட்டைக் கழற்றினார். அடுத்ததில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மழை கூரையில் கொட்டியது. ஜன்னல் சாத்தியிருந்தது. மதியம் கடந்தது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கிய மாதிரி வலி ஏறியது. வயிற்றைப் புரட்டியது. எழுந்து டீ போட வேண்டும் என்று தோன்றியது, எழ மனம் வரவில்லை. மனம் வராததும் பெரிதாகத் தெரியவில்லை.

இதுதான் வருத்தம் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். பிரிவு வந்தால் மனுஷனுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. தாமதமாகவாவது தனக்கும் வந்துவிட்டதே என்று அந்தக் கனத்துக்குள்ளேயே ஒரு சின்னத் திருப்தி. கட்டின மனைவி போகிறாள், தலை வெடிக்கிறது. அப்படியென்றால் தனக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது. ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனார். எழுந்தபோது மழை விட்டிருந்தது. தள்ளாடி வெளியே போய் நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக வலி இறங்கியது. அது இறங்கியதில் அவருக்கு ஒரு ஏமாற்றம்கூட இருந்தது.

மறுநாள் ஒரு புது ஜோடிக்கு வண்டியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகிச் சில மாதங்கள் இருக்கும், ஒருவர் பேச்சை ஒருவர் முடித்து வைக்கும் பருவம். அவர் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார், திருகியைத் திருப்பிக் காட்டினார். பேச்சை ஆரம்பித்தார். நீலச் சுடர் வரைக்கும் வந்தபோது அந்தப் பெண் குனிந்து பெட்டியைச் சுற்றி அவர் ஒட்டியிருந்த பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க? காத்து வராம இருக்கவா?"

"புகை உள்ள வராம இருக்க. பின்னால எரியுற புகை மேல் ஜன்னல் வழியா வெளிய போகணும். பட்டை இல்லன்னா வண்டிக்குள்ள வரும்."

"வந்தா தெரியுமா? நாத்தம் அடிக்குமா?"

"அடிக்காது. வாசனையே கிடையாது. முதல்ல தலை வலிக்கும்." இந்தப் பதிலும் அவர் பலமுறை சொன்னதுதான். வாய் தானாக ஓடியது. "வயித்தப் புரட்டும். தூக்கமா வரும். பேசப் பிடிக்காது. சாப்பிட்டோமா இல்லையான்னு கூட ஞாபகம் இருக்காது. வெளிய போனா சரியாயிடும். அதனால யாருக்கும் சந்தேகமே..."

அங்கே நின்றுவிட்டார்.

"சந்தேகமே?" என்றான் கணவன்.

அவர் ரசமட்டத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கினார். யார்டைக் குறுக்கே கடந்து போனார். ஓடவில்லை. ஓட வேண்டும் என்பது காலுக்குத் தெரியவில்லை.

தன் வண்டிக்கு வெளியே மண்டியிட்டு, கீழ் ஜன்னலின் மூடியைக் கழற்றினார். சுடர் மஞ்சளாக இருந்தது. நுனியில் கறுப்பாக ஆடிக்கொண்டு, சோம்பேறியான சுடர். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிலிண்டரை மூடினார். கதவையும் எல்லா ஜன்னல்களையும் திறந்தார். ஃப்ரிட்ஜை இழுத்து வெளியே வைத்தார். பின்சுவர் அடுப்புக்கரி பூசியது போல இருந்தது. பட்டை இருந்த இடத்தில் பழைய பசையின் தடம் மட்டும். புதிதை அவர் ஒட்டவே இல்லை. பர்னரின் மேல் துருச் செதில்கள் குவிந்திருந்தன. தலைகீழாக நிறுத்தியபோது புகைக்குழாயிலிருந்து உதிர்ந்தவை. பெட்டி பிழைத்துவிட்டது, ஐஸ் படிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சுடர் என்ன நிறம் என்று அவர் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னதை.

அவளைக் கொன்றிருப்பார். இதை வார்த்தையாக நினைத்தார். நேற்றைய வருத்தம்தான் முதலில் ஞாபகம் வந்தது. இத்தனை வருட வாழ்க்கையில் தனக்கு வந்த ஒரே பெரிய துக்கம் என்று மடியில் வைத்துக்கொண்டிருந்தது வெறும் கேஸ்.

அன்று முழுவதும் வேலை செய்தார். செதில்களை ஊதித் துடைத்தார், பர்னரைக் கழுவிக் காயவைத்தார், புகைக்குழாயைத் துடைப்பம் விட்டுத் துப்புரவாக்கினார். புதுப் பட்டையை இடைவெளி இல்லாமல் ஒட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து டார்ச் அடித்து எங்காவது வெளிச்சம் உள்ளே கசிகிறதா என்று பார்த்தார். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வாசலுக்கு மேல் புது அலாரத்தை மாட்டினார். கொளுத்தினார். நீலம். கழற்றிய ஒரு போல்ட்டை மறுபடி போட்டு முடுக்கினார். மறுநாள் காலை, மிஷினை எடுத்துக்கொண்டு போவதற்குப் பதில், வீட்டையே ஓட்டிக்கொண்டு போனார்.

கொழுந்தியா வீட்டுத் தெரு சரிவு. சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, இறங்கி ஏறி, குமிழி நடுவில் வரும்வரை அவர் பாடுபட்டு, பிறகு ஏறிக் கேஸைக் கொளுத்துவதைச் சகலை வாசலில் நின்று பார்த்தார். மிஷினை இறக்கத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"ஏண்ணே, ஒரு மிஷின இறக்க வண்டி மட்டமா நிக்கணுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி வெளியே வந்தாள். முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. தலை வாரி, பூப்போட்ட சட்டை போட்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அந்த முகம் கொஞ்சம் சுருங்கியது.

"எதுக்கு வண்டியோட வந்தீங்க?"

அவர் தெருவில் நின்றபடியே சொன்னார். பட்டை ஒட்டாதது, துரு உதிர்ந்தது, மஞ்சள் சுடர், அலாரம், ஏரிக்கரையில் கரண்டில் ஓடியது. வாடிக்கையாளரிடம் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. முடிவில், "டாக்டர்கிட்ட ரத்தத்த ஒரு தடவ காட்டிடலாம்" என்றார்.

பின்னாலேயே வந்திருந்த கொழுந்தியா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மனைவி வாசற்படி இறங்கித் தெருவுக்கு வந்தாள்.

"அப்ப தலைவலி அதனாலதானா?"

"ஆமா."

"நான் போன்ல சொன்னது?"

"என்ன சொன்ன?"

"உயிரோட இருக்கிற மாதிரியே இல்லைன்னு."

"அதுவும் கேஸ்தான்."

"எல்லாமேவா?"

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் இருக்கிறது. ஒரு பேச்சில் புகை சொன்னது எவ்வளவு, ஆள் சொன்னது எவ்வளவு என்று பிரிக்க அவருக்குத் தெரிந்து ஒரு கருவியும் கிடையாது.

"தெரியல" என்றார்.

சரி என்று சொல்லாமல் அவர் வேறு ஒன்று சொன்னதை அவள் கவனித்த மாதிரி இருந்தது. வண்டியைச் சுற்றிப் போய் மேல் ஜன்னல் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். பிறகு ஏறி உள்ளே போனாள்.

"கேஸ்லயா ஓடுது?"

"ஆமா. கரண்ட்ல மாத்தட்டுமா? இங்க ஒயர் சொருகலாம்."

"வேணாம். கேஸ்லயே இருக்கட்டும். ஜன்னலச் சாத்துங்க."

"எதுக்கு?"

"நான் இங்க உக்காந்து பாக்கறேன். நீங்களும் உக்காருங்க. அந்தப் பக்கம் இல்ல, இங்க, என் பக்கத்துல. எனக்கு வலிச்சா உங்களுக்கும் வலிக்கட்டும்."

ஜன்னல்களைச் சாத்தினார். பெஞ்சில் இருவர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். உட்கார்ந்தார்கள். வாசலுக்கு மேல் அலாரத்தில் பச்சை விளக்கு மினுங்கியது. ஃப்ரிட்ஜிலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கொழுந்தியா இரண்டு டம்ளர் டீயை வாசல் வழியாக நீட்டிவிட்டு, ஏதோ ஆபரேஷன் நடக்கிற அறையிலிருந்து போவது போல ஓசைப்படாமல் போனாள். டீ குடித்தார்கள். வெயில் மேஜையில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்ந்தது.

"வலிக்குதா?" என்றார்.

"இல்ல."

சற்று நேரம் கழித்து, "இப்ப?"

"இல்ல. உங்களுக்கு?"

"இல்ல."

அவர் தனக்குள்ளே தேடிப் பார்த்தார். நிம்மதி இருக்க வேண்டும், பயம் இருக்க வேண்டும், குற்ற உணர்ச்சி இருக்க வேண்டும். எதுவும் இன்னும் வந்து சேரவில்லை. தலை மட்டும் தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்ததால் அந்த வெறுமையும் நன்றாகத் தெரிந்தது.

"தலைவலி போச்சு" என்றாள் அவள். "ஆனா உங்ககிட்ட என்ன பேசறதுன்னு இன்னும் தெரியல."

"எனக்கும்."

"அத எதுல போடறது? கேஸ்லயா, கரண்ட்லயா?"

அவர் சிரித்தாரா என்று சொல்ல முடியாது. உதடு கொஞ்சம் விலகியது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை அவர் திரும்பியபோது அவள் மிஷினின் மேல் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லுவீங்கல்ல, சும்மா சும்மா திறந்து பாக்காதீங்கன்னு. பேசாம உக்காருங்க."

கோணலாகத் தைத்து அப்படியே விட்டுப்போன மெத்தை உறை மேஜையடியில் கிடந்தது. அதை எடுத்து மடியில் போட்டு, தையலை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நூல் மாற்றினாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. வண்டிக்குள் வேறு எந்தச் சத்தமும் இல்லாததால் அது பெரிதாகக் கேட்டது.

வாசலில் சகலை தலையை நீட்டினார். மடித்த சட்டைக் கை இன்னும் இறங்கவில்லை. "அண்ணி, மிஷின இறக்கிடலாமா? மதியத்துக்கு மேல எனக்குக் கடை இருக்கு."

அவள் நிமிரவில்லை. "தைச்சிட்டு இருக்கேன்ல."

"முடிச்சதும் இறக்கலாமா?"

"இறக்க வேணாம். நீங்க கடைக்குப் போங்க."

சகலை அவரைப் பார்த்தார். அவர் எழுந்து போய்ச் சாத்தியிருந்த ஜன்னல்களில் ஒன்றை ஒரு விரல்கடை திறந்து வைத்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிரித்துப்போட்ட நூல்களை மேஜையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.